எலிக்கு இலவச வைத்தியம்

ஆய்வுக்கூடத்தில் பெயின்ட் தின்னர் நெடியை முகர்ந்த எலிகளுக்கு ஆயுள் முழுக்க இலவச வைத்தியம் என்று சட்டம் வந்திருந்தது. வாழ்நாளெல்லாம் அதே நெடியில் கிடந்த பெயின்டர்களுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் பெயின்டர் சங்கிலிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் எலியைக் கேட்டு வாங்கி வளர்த்தாள். எலி டாக்டர் வீட்டுக்கே வந்தார்.

“எலி இருமுதாம்மா?”

“விடிய விடிய இருமுது சார்.”

“மறதி?”

“டீக்கடைக்குப் போனா வீட்டுக்குத் திரும்ப வழி தெரியலை.”

“டீக்கடைக்கா?”

கூண்டில் எலி கொழுகொழுவென்று உட்கார்ந்து கடலை கொறித்தது. கட்டிலில் சங்கிலிமுத்து இருமினார். டாக்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எலி என்ன எடை இருக்கும்?”

“அறுபது கிலோ இருக்கும் சார்.”

டாக்டர் தலை நிமிராமல் மருந்து எழுதினார்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க. எலியை முதல்ல பீடியை விடச் சொல்லுங்க.”