வலது பக்கம்

"பேடாப்பா, வேண்டாம், திரும்பவும் வலது பக்கம் போகாதீங்க! எதிரி இடது பக்கமா வர்றான்!" என்று கத்தினான் மதன்.

கந்தசாமி கேட்கவில்லை. நெற்றியில் திருநீறு, காதில் ஹெட்செட், நாற்காலியில் சாயாத முதுகு. கணினித் திரையில் அவருடைய சிப்பாய், 'கழுகு' என்ற சிப்பாய்க்கு வலப்புறம் கம்பம் மாதிரி நின்றான்.

"பெரியவன் வலது பக்கம்தான் நிப்பான். அதுதான் மரியாதை."

"சுடுற இடத்துல என்னப்பா மரியாதை?"

"மரியாதை இல்லாத இடத்துல நமக்கு என்னடா வேலை?"

அடுத்த நொடி இடது பக்கமிருந்து குண்டுகள் வந்தன. கழுகு விழுந்தது. கோட்டை பறிபோனது.

"கழுகு, உங்க இடது பக்கம் நின்னு தொண்டை கிழியக் கத்தினேனே!" என்று மதன் தன் மைக்கில் அலுத்துக்கொண்டான்.

"நீயா? எப்போ?" என்று கழுகின் குரல் கன்னடத்தில் கேட்டது.

"நெட் சரியில்ல போல" என்று முனகியபடி மதன் சமையலறைக்குள் போனான். அங்கே அவன் அம்மா சுந்தராம்பாள் கையில் கரண்டியோடு கவலையாக நின்றிருந்தாள்.

"அப்பாவுக்குச் சந்தேகம் ஏதும் வரலையே?"

"வரலைம்மா. சித்தப்பா கன்னடத்துல மட்டும்தான் பேசறாரு."

கழுகு வேறு யாருமில்லை. சொந்த ஊரான மார்டள்ளியில் மஞ்சள் பயிரிடும் மாதப்பன்தான், கந்தசாமியின் ஒரே தம்பி. ஊர் மாரியம்மன் திருவிழாவில் அண்ணன் இருக்கத் தம்பிக்கு முதலில் பரிவட்டம் கட்டிவிட்டார்கள். தம்பியும் தலையைக் குனிந்து கட்டிக்கொண்டார். அன்றே பஸ் ஏறி மைசூருக்கு வந்த கந்தசாமி, "அவன் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது. அவன் நம்பர் என் போன்ல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். வருஷங்கள் ஓடிவிட்டன.

ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்ட மதன்தான் வழி கண்டுபிடித்தான். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள ஓர் இலவச மென்பொருள் இருந்தது. அதன் நிரல் எல்லோருக்கும் பொது. வீட்டுப் பழைய கணினியிலேயே போட்டு ஓட்டலாம். போன் நம்பர் வேண்டாம், நிஜப் பெயரும் வேண்டாம். விளையாட்டில் ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ, அந்தப் பக்கத்துக் காதில்தான் அவர் குரல் விழும். பக்கத்தில் நின்று பேசுவது போலவே இருக்கும்.

அண்ணனும் தம்பியும் தினமும் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் அது தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

மதன் திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுமுனையில் மாதப்பன் பேச்சுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஹெட்செட்டில் திடீரென்று ஒரு பெண் குரல், சமையலறை வரை கேட்கும்படி, சுத்தமான ஊர்த் தமிழில் வெடித்தது.

"ஏனுங்க, மஞ்சக்காட்டுல மோட்டார் தண்ணியில்லாம ஓடுது, நீங்க இங்க துப்பாக்கி சுட்டுக்கிட்டு இருக்கறீங்களா? மார்டள்ளிச் சனமே சிரிக்குது!"

சித்தி சுலோசனா!

மதனின் கை கணினியின் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தது. சமையலறையில் கரண்டி விழுந்தது.

"எதுக்குடா அணைக்கற?" என்றார் கந்தசாமி.

"இல்லப்பா... வந்து..."

"அடுத்தவங்க வீட்டுப் பேச்சு காதுல விழுந்தா, விழாத மாதிரி இருக்கணும்." பிறகு மைக்கில் நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார்: "கழுகு, மோட்டாரை நிறுத்திட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

"சரிண்..." என்று வாய் தவறி, "சரி ரீ" என்று கன்னட மரியாதைக்குத் திருத்திக்கொண்டது கழுகு.

மதன் மூச்சு விட்டான். அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை! சுந்தராம்பாள் நிம்மதியில் ஆளுக்கொரு காபி கொண்டுவந்து வைத்தாள்.

கழுகு திரும்பி வந்ததும் அடுத்த ஆட்டம் தொடங்கியது. கந்தசாமியின் சிப்பாய் மறுபடியும் வலப்புறம் போய் நின்றான். மதனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம் இடது பக்கம் நில்லுங்கப்பா. உங்க மரியாதை ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

கந்தசாமி சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மகனிடம் குனிந்தார்.

"நான் இடது பக்கம் போனா, நான் பேசறது அவனுக்குக் கேக்காதுடா. உங்க சித்தப்பனுக்குச் சின்ன வயசிலிருந்தே இடது காது செவிடு. பொண்ணு அமையாதுன்னு எங்கப்பா எங்க ரெண்டு பேர் வாயையும் சத்தியம் வாங்கிக் கட்டிட்டுப் போயிட்டாரு. குடும்ப மானம், வெளிய விட்டுடாதே!"