வயிறு நிறைய

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் டாக்டர் ஜன்னலைச் சாத்தினார். குழாயை மறுபடியும் என் மகன் குந்துநாதனின் நெஞ்சில் வைத்தார்.

ஓடும்போது மட்டும் அவனுக்கு வலிக்கிறது. நின்றால் போய்விடுகிறது. வயது பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் ஜில்லா ஓட்டப் பந்தயம்.

வெகுநேரம் கேட்டுவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“இந்த வயசுல முக்கால்வாசி சதைப்பிடிப்புதான். ரொம்ப அபூர்வமா, பரம்பரையா வர்ற இருதயக் கோளாறா இருக்கும். உங்க வீட்ல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு போயிருந்தா சொல்லுங்க, ஓட விடாம மெட்ராசுக்கு அனுப்பிடறேன்.”

யாரும் இல்லை என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்து, ஓடு என்று அவன் முதுகில் தட்டினார். பயல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

எனக்கு மூத்த மகன் ஒருவன் இருந்தான், அப்பாண்டை என்று பேர். பத்தொன்பது வயதில், மூன்று நாள் நோன்பின் கடைசி நாள், திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயிலைச் சுற்றி வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான். புண்ணியச் சாவு என்று ஊரே கும்பிட்டது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. நோய்நொடி இல்லாத பிள்ளை. பட்டினிதான் அவனைக் கொன்றது.

அதனால் சின்னவனை ஒரு வேளைகூட நோன்பிருக்க விடவில்லை. பொழுது சாய்ந்தால் எங்களவர்கள் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். மைதானத்திலிருந்து இருட்டி வருகிறவனுக்கு நானே சோறு போட்டேன். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பாவம் வந்தால் எனக்கு வரட்டும், பிள்ளை இருந்தால் போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வளைவில் அவன்தான் முதலில் வந்துகொண்டிருந்தான். கை நெஞ்சுக்குப் போயிற்று.

கயிற்றைத் தாண்டி ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மூச்சு இல்லை.

கூட்டத்தில் ஒருவர் குனிந்து கேட்டார்.

“பையன் காலைல எதுனா சாப்ட்டுக்கினு வந்தானாப்பா?”

ஆறு இட்லி. பக்கத்திலேயே உட்கார்ந்து நான்தான் எண்ணி எண்ணி வைத்தேன்.