நாலு வரிக்கு ரெண்டு வார்த்தை

"ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லலாம்னு சார் சொல்றார்" என்றார் மைக்.

அவர் பெயர் அதுவல்ல. வெளிநாட்டு மேனேஜர் பேசுவதை நம் மொழியில் சொல்லும் வேலை அவருக்கு. அரசாங்கம் முப்பது வருஷக் குத்தகைக்குத் தூக்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஷூ கம்பெனி அது. மைக் என்று பட்டம் வைத்தது தொழிலாளிகள்.

தையல் செக்‌ஷன் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"நிலம் நம்மது, தண்ணி நம்மது, கரன்ட் நம்மது. பாத்ரூம் போக மட்டும் இவர் பர்மிஷனா? ஒரு ஷிப்ட்டுக்கு ரெண்டே தடவைன்னா எப்படி? இவங்க ஊர்ல வயிறும் டைம்டேபிள் பார்த்துத்தான் வேலை செய்யுமா? கேட்டுச் சொல்லுங்க!"

கூட்டம் குபீரென்று சிரித்தது.

மைக் இரண்டே வார்த்தையில் அதை முடித்தார். மேனேஜர் நம்பவில்லை. சிரிப்புக்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தானே. அவள் பக்கம் விரலை நீட்டிப் பொரிந்து தள்ளினார்.

மைக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன்னை பாக்கிங்குக்கு மாத்தியாச்சும்மா. நாளையிலேர்ந்து பின் கேட் வழியா வா. டோக்கனும் மாறும்."

"கைக்கூலி" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பாக்கிங் என்றால் பின்பக்கத் தகரக் கொட்டகை. நாள் முழுக்க நின்றே வேலை. அவளோ முட்டி வலிக்காரி. வீட்டில் வேலைக்குப் போவதும் அவள் ஒருத்திதான், உதறிவிட்டுப் போகவும் முடியாது.

சாயங்காலம் வாசலில் மைக்கை மறித்தாள்.

"நான் நாலு வரி பேசினேன், நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சீங்க. அவர் கொடுத்த தண்டனையை மட்டும் கரெக்டா சொல்லத் தெரியுதா? அவராவது வெளிநாட்டுக்காரர். நீங்க நம்ம ஆளு இல்லையா?"

"பஸ் போயிடும்மா" என்று நகர்ந்தார் மைக். பாவம், கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மறுநாள் டைம் ஆபீஸ் கிளார்க் புது டோக்கனை நீட்டினார்.

"என்னண்ணே, இதுல வேற யாரோ பேர் இருக்கு?"

"போன மாசம் வேலையை விட்டு நின்னவ பேரு. இனிமே அதுதான் உன் பேரு."

"ஏன், என் பேருக்கு என்ன வந்துச்சு?"

கிளார்க் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயருக்கு நேரே 'வேலை நீக்கம்' என்றிருந்தது.

"நேத்து மேனேஜர் சொன்னது இதுதான். மைக்தான் உன்கிட்ட மாத்திச் சொல்லிட்டார்."

நேற்று வாசலில் தான் பேசிய பேச்சை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மேனேஜர் என்னைப் பார்த்துட்டா மைக் வேலையும் போயிடுமேண்ணே?"

"பார்த்தா மட்டும்? அந்தாளுக்கு நாமெல்லாம் ஒரே மூஞ்சி. நேரமாச்சு, போ. பாக்கிங்ல பதினோரு பேர் இருக்காங்க. அத்தனை பேருமே வேலையை விட்டு மேனேஜர் தூக்கினவங்கதான்."