இடது பக்கம் பார்த்துக்கொள்பவர்

கண்டக்டர் சிவப்பு மூடி போட்ட பேனாவை டிரைவரின் முகத்துக்கு எதிரே பிடித்து, வலது பக்கமிருந்து மெல்ல இடது பக்கம் நகர்த்தினார்.

"வா, வா, வா... இடம் இருக்கு, வா!"

டிரைவரின் கண் பேனாவோடு மூக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே பிரேக் போட்டது.

இன்றைக்கும் அவ்வளவுதான்.

இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிறது. டிரைவர், கண்டக்டர் என்ற பட்டம் மட்டும் போகவில்லை.

பக்கவாதம் வந்ததில் டிரைவருக்குக் கைகால் தப்பியது, இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போய்விட்டது. தட்டில் இடது பக்கம் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, எனக்கு ஏன் குறைத்துப் போட்டாய் என்று மனைவியிடம் மல்லுக்கு நிற்கிறார்.

போன பார்வை திரும்பாது, கண்ணையும் கழுத்தையும் தானாக அந்தப் பக்கம் திருப்பப் பழகினால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அதுவரை தனியாகத் தெருவில் இறங்கக் கூடாதாம்.

ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன், பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நிற்கிறார். பார்க்கச் சகிக்குமா?

அதனால்தான் கண்டக்டர் தினமும் காலையில் ஆஜர். தொண்டை வறளக் கத்துகிறார். இவரோ அசைவேனா என்கிறார்.

"வா, வா..."

சொல்லும்போதே கண்டக்டருக்கு அந்தக் கடைத்தெரு ஞாபகம் வந்தது.

இரண்டு பக்கமும் கடைகள். நடுவில் பஸ் நுழைந்தால் ஒரு சாண் மிஞ்சும். கொட்டுகிற மழையில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, தகரத்தைத் தட்டித் தட்டி, இதே "வா, வா" போடுவார். டிரைவர் வலது பக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டுவார். இடது பக்கக் கண்ணாடி உடைந்து மாதக்கணக்கில் கிடந்தபோதும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. "அந்தப் பக்கந்தான் அவன் இருக்கானே" என்று டிப்போவில் பெருமையடிப்பார்.

ஒரு கீறல் விழுந்ததுண்டா அந்த பஸ்ஸில்! என்ன காலம் அது!

கண்டக்டர் அந்த மழைத் தெருவுக்கே போய்விட்டார். பேனா நகர்ந்துகொண்டே இருந்தது. குரல் மட்டும் வரவில்லை.

டிரைவரின் புருவம் சுருங்கியது. கொஞ்சம் காது கொடுத்துப் பார்த்தார்.

சட்டென்று கழுத்தை இடது தோள் வரைக்கும் திருப்பினார். கண் பேனாவைத் தாண்டிப் போய், அதைப் பிடித்திருந்தவரின் முகத்தில் நின்றது.

"ஏன்டா சத்தத்தையே காணோம்? விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்டா."