கொடி

“கதவைச் சாத்திடறேம்மா” என்று குரல் கேட்டதும் வக்கீலின் மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டவர் லாரிக்காரர். கொலைக் கேஸில் கூண்டேறி, வக்கீல் வாதாடி விடுதலையானவர்.

“தெரு நாய் ஒண்ணு பின்னாலயே வருது. அதான் சாத்தினேன்” என்றார்.

கணவருக்கான இரங்கல் கூட்டம் முடிந்து அவள் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். மகன் உறவுக்காரர்களை ரயிலேற்றப் போயிருந்தான். வீட்டில் ஈ காக்கா இல்லை. கைப்பேசியோ சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

“உக்காருங்க” என்றாள். உட்காராமல் போய்த் தொலைய மாட்டாரா என்றிருந்தது.

அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். கூட்டாளியைக் கல்குவாரித் தண்ணீரில் தள்ளிவிட்டது இந்தக் கைகள்தான் என்று ஊரே சொன்னது. அவற்றைப் பார்க்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

“கூட்டத்துல என்னையும் பேசச் சொன்னாங்க. எனக்கு நாக்கே எழும்பலம்மா.”

மற்றவர்களுக்கு நன்றாகவே எழும்பியது. கிடைத்த மைக்கை ஒருவரும் லேசில் விடவில்லை. வக்கீல் கோர்ட்டில் புலி, குளத்தில் மீன் என்றார் ஒருவர். மல்லாந்து நீச்சலில் அவர் வாங்கிய மெடல்களை வைக்க அலமாரி போதாது என்றார் இன்னொருவர். “ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!” என்று அவர் சாட்சிகளை மடக்குவதை ஜூனியர் ஒருவர் நடித்தே காட்டினார். இரங்கல் கூட்டம் என்பதையும் மறந்து ஹாலே சிரித்தது.

அவளும் சிரித்து வைத்தாள். பால் பொங்கினாலும், தங்கச்சியோடு போனில் பேசினாலும், கடையிலிருந்து வரத் தாமதமானாலும் வீட்டில் அவளிடமும் அவர் கேட்டது அதே கேள்விதான். கல்யாணமான நாளிலிருந்து கேட்டது.

“அவ்வளவு பெரிய நீச்சல்காரர். சொந்த வீட்டு நீச்சல் குளத்துல இப்படி ஆகணுமா?” லாரிக்காரரின் குரல் உடைந்தது.

“சுவத்துல தலை மோதி மயங்கிட்டாராம். நான் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க. தங்கச்சி வீட்டுல இருந்தேன். தோட்டக்காரர் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும்.” போலீஸ், பத்திரிகைக்காரர்கள், சொந்தபந்தம் என்று எல்லோரிடமும் சொன்னதையே அவரிடமும் ஒப்பித்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் எதற்கு வந்திருக்கிறார்? துக்கம் கேட்பதென்றால் கூட்டத்திலேயே கேட்டிருக்கலாமே! கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா என்றுகூட யோசித்தாள்.

“அம்மா, சத்தியமா நான் அவனைத் தள்ளல” என்றார் திடீரென்று. “குடிச்சிட்டு வந்து அவனா வழுக்கி விழுந்தான். பெத்தவங்களே என்னை நம்பல. சார் ஒருத்தர்தான் நம்பினாரு. தீர்ப்பு சொல்ற வரைக்கும் கூண்டுல நின்ன பயம் இருக்கே, அது எதிரிக்கும் வரக் கூடாதும்மா.”

அவ்வளவுதான். அந்த மலை மாதிரி ஆள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. பாவம், இவருக்குப் போய்ப் பயந்தோமே என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மடமடவென்று குடித்தவரின் பார்வை ஜன்னல் வழியே தோட்டத்துக்குப் போனது.

“குளத்துக்கு மேல போயி எதுக்கும்மா துணிக்கொடி கட்டியிருக்கீங்க?”

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்த நிம்மதியில் வாயும் தாராளமாகத் திறந்தது.

“ஐயோ, அது துணி காயப்போடற கொடி இல்லீங்க. கலர் கலரா முக்கோணம் தொங்குது பாருங்க, நீச்சல் கொடி. மல்லாந்து நீந்தறவங்களுக்குச் சுவர் வர்றது கண்ணுக்குத் தெரியாதில்ல? தலைக்கு மேல கொடி வந்ததும் எண்ண ஆரம்பிச்சிடணும். நாலு கை வீச்சுல சுவர் வந்துடும், திரும்பிடணும்.”

“திரும்பலேன்னா மண்டை போயி இடிக்குமே!” சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பரவால்லீங்க. அதுக்காகத்தான் வாய்விட்டே எண்ணுவாரு. அந்தக் குரல் வீடு பூரா கேக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு தினம் அதே பாட்டுதான். அன்னிக்குத்தான் ரெண்டோட நின்னு போச்சு.”

லாரிக்காரர் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார். எழுந்து ஜன்னலருகே போனார். கொடி கட்டியிருந்த இடத்தையும் அதிலிருந்து ரெண்டே வீச்சுத் தூரத்தில் இருந்த சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தங்கச்சி வீட்டுல இருந்தேன்னு சொன்னீங்களேம்மா?”

அவள் சோபாவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளாக உள்ளே அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் முகத்துக்கு வந்துவிட்டது.

அவர் அதட்டவில்லை, அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

“நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாத்து வச்சுக்குங்கம்மா.”