மூலையில் ஒரு தேதி

தில்லைநாயகத்தின் கண்ணாடி அலமாரியில் பதினேழு ஃபிலிம் கேமராக்கள் இருந்தன. எல்லாம் சட்டைப்பைக்குள் அடங்குபவை. விலை மட்டும் அடங்காது. வாங்கும் பழைய கேமராவுக்குள் பாதிச் சுருள் மிச்சம் இருந்தால், அதை எடுத்து முடித்துத்தான் கழுவக் கொடுப்பார். பதினெட்டாவதாக வந்த டைட்டானியம் கேமராவிலும் அப்படித்தான் செய்தார். முன்பு யாரோ எடுத்திருந்த படங்களில் ஒன்றைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத வீட்டு மாடிப்படியில், தெரியாத பெண்ணின் தோளில் கைபோட்டபடி அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் பாதி திரும்பியிருந்தது. விரலில் ஒரு கல் உதிர்ந்த நவரத்தின மோதிரம்.

மனைவி செண்பகம் எட்டிப் பார்த்தாள். "மாமாவா இது? பக்கத்துல யாருங்க?"

"உளறாதே. மூலையில தேதியப் பாரு, தொண்ணூத்தெட்டு. அப்பா போனது தொண்ணூத்தஞ்சுல. அவர் பேர்ல தெருவே இருக்கு இந்த ஊர்ல."

"கேமராத் தேதிய நம்பாதீங்கன்னு எல்லார்கிட்டயும் நீங்கதானே சொல்லுவீங்க?"

"இது சரியான தேதி. சத்தியமாச் சொல்றேன்."

செண்பகம் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "மாமா போன அன்னிக்கே அவர் விரல்லேர்ந்து கழட்டி நீங்க போட்டுக்கிட்ட மோதிரமாச்சே இது. தொண்ணூத்தெட்டுல உங்க கையிலதானே இருந்துச்சு?"

அவர் தன் விரலைப் பார்த்தார். பக்கவாட்டில் அப்பாவும் அவரும் ஒரே அச்சு. ஆனால் அந்த மாடிப்படியில் உட்கார்ந்ததாக எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. "அந்தத் தேதி..." என்று ஆரம்பித்தார். சரியென்றால் படியில் இருப்பது அவர், தப்பென்றால் அப்பா. செண்பகம் காத்திருந்தாள்.