தொட்டியின் அடியில்

"இதைப் போட்டீங்கன்னா பத்தே நாள்ல செத்துடும்" என்று சொல்லி, நீலக் கூழாங்கல் பொட்டலத்தை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் திரும்ப வைத்தாள் மகள்.

"கலரா இருக்கேன்னு எடுத்தேன்டா" என்று சிரித்தார் அப்பா.

"புழுவைக் கவ்வும்போது கல்லையும் சேர்த்து முழுங்கிடும்ப்பா. வயித்துல அடைச்சுக்கும். ஒண்ணு, பொடி மணலா இருக்கணும். இல்லன்னா அதோட தலையைவிடப் பெரிய கல்லா இருக்கணும். நடுவுல இருக்கிறது எதுவும் ஆகாது."

கைப்பேசியில் மூழ்கியிருந்த மீன்தொட்டிக் கடைக்காரர் நிமிர்ந்தார். "நியூட் வளர்க்கறீங்களா? பல்லின்னு நினைச்சு ஓடுறவங்கதான் இங்க ஜாஸ்தி."

"பல்லி இல்ல அங்கிள். தண்ணியில இருக்கிற ஜீவன், தவளைக்குச் சொந்தம்."

"சரிங்க டாக்டரம்மா."

அவளுக்குப் பதினான்கு வயது. கல் விஷயத்தை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. முதல் நியூட்டைச் செருப்புப் பெட்டியில் வைத்துப் புதைத்த அன்று தெரிந்துகொண்டாள். இரண்டாவது, அம்மா வீட்டில், மணல்மேல் மூன்று வருடமாக நன்றாக இருக்கிறது. அப்பா வேறு வீட்டுக்குப் போயும் மூன்று வருடம்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் "நான் அங்க வந்து இருக்கட்டுமாப்பா?" என்று கேட்பாள். "தனி ஆளுக்கே பத்தாத வீடுடா, பார்க்கலாம்" என்பார். போன வாரம் அவரே போன் செய்தார். "வீட்டுல ஒரு நியூட் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன். நீ வந்துதான் எல்லாம் பார்த்துத் தரணும்."

"போயிட்டு வா. ஆனா துணியெல்லாம் இப்பவே எடுத்து வைக்காத" என்றாள் அம்மா. பெட்டி அதற்குள் கட்டிலடியில் தயாராக இருந்தது.

கடைக்காரர் எடுத்து வைத்த மூன்று வகை மணலையும் மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தாள். வெள்ளை மணல் குத்தியது. "அதுக்குத் தோல் ரொம்ப மெல்லிசு. இது வேணாம்" என்று தள்ளிவிட்டு, கடைசி மூட்டையைத் தேர்ந்தெடுத்தாள். விரலிடுக்கில் மாவுபோல் இறங்கியது.

"ஸ்டாண்டு எவ்வளவு உயரம் வேணும் சார்?"

"தாழ்வா இருக்கட்டும். நின்னுக்கிட்டே உள்ள பார்க்கணும். நாற்காலி போட்டு ஏறி விழுந்து வைக்கக் கூடாது." அப்பா தன் இடுப்புக்குக் கீழே கையைக் காட்டினார்.

மகள் அவர் காதளவு வளர்ந்துவிட்டாள். அப்பா மனதில் தான் இன்னும் வளரவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். அது பிடித்திருந்ததால் திருத்தவில்லை.

காரில் மணல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது அப்பா தொண்டையைச் செருமினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

"எனக்குத் தெரியும்ப்பா."

சட்டென்று திரும்பினார். "தெரியுமா?"

"தொட்டின்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"அம்மா... என்ன சொன்னா?"

"நம்பவே இல்ல."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்க மறந்திருந்தார்.

"என்மேல உனக்குக் கோபம் இல்லையே?"

"கோபமா! ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லப்பா, சந்தோஷத்துல."

அவர் ஒரு கையால் அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீ பெரிய மனசுக்காரிடா" என்றார். இதற்குப் போய் இவ்வளவா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது மாடி. மூட்டையை அவரிடம் தர மறுத்து, தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அப்படியே கொட்டக் கூடாதுப்பா. தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். பக்கெட் இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு."

"தொட்டியை எந்த ரூம்ல வைக்கப் போறீங்க? வெயில் படாத ரூமா இருந்தா நான் அதையே எடுத்துக்கிறேன்."

அவள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. என்ன என்று கேட்க வாய் திறந்தார். அதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மூட்டையைப் பார்த்தாள். மூட்டையைச் சுமந்து நின்றவளை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இந்த அக்கா யாரு?"